திசு வளர்ப்பு வாழையும் ஊராரின் பொறுப்பும்

காவிரிப் பாசனம் பெறும் பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரங்களில் வாழை முக்கியமான பயிராகும். கிழங்கோடு கூடிய பக்கக் கன்றைப் பெயர்த்து நடுவதே பழைய வழக்கம். இதில் ஒரு கேடு உண்டு. தாய்மரத்திலுள்ள கூன்வண்டும் நூற்புழுவும் நச்சுயிரி நோயும் கன்றோடு புதுத் தோட்டத்திற்கு வந்துவிடுகின்றன.

இக்குறையைப் போக்க வந்ததே திசு வளர்ப்பு முறை. 1952-ம் ஆண்டில் மோரெல், மார்ட்டின் என்ற பிரெஞ்சு அறிஞர்கள், நச்சுயிரி தாக்கிய டாலியாச் செடியின் குருத்து நுனியிலிருந்து நோயற்ற செடியை வளர்த்துக் காட்டினர்.

வாழையில் செய்யும் முறை இதுவே. நல்ல தாய்மரத்தின் ஈட்டி இலைக் கன்றை எடுத்து, கிழங்கைச் சீவி, உள்ளிருக்கும் குருத்து நுனியைப் பிரித்து, கிருமி நீக்கிய புட்டியில் சத்துக் கூழின்மீது வைக்கின்றனர். அது பல குருத்துகளாகப் பெருகும். அவற்றைப் பிரித்து வேர்விடச் செய்து, நிழற்குடிலில் பழக்கிய பின்னரே உழவருக்கு அளிக்கின்றனர். பல முறை பிரித்துப் பெருக்கினால் குணம் மாறிய கன்றுகள் தோன்றக்கூடும். ஆகவே, ஆய்வுக்கூடங்கள் அதற்கு ஓர் எல்லை வகுத்துக் கொள்ள வேண்டும்.

நுனியை எடுத்ததாலேயே நச்சுயிரி ஒழிந்ததென்று எண்ணலாகாது. தாய்மரத்தைச் சோதித்திருத்தல் அவசியம். இதற்கென மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ம் ஆண்டில் தேசியச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்திற்று. 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 கன்றுகள் தேவை. இத்தனை கன்றுகளுக்குப் பணம் செலவிடுவோர் சான்றையும் ரசீதையும் கேட்டுப் பெறுவது நலம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நோயற்ற கன்று வேறு. நோயைத் தாங்கும் கன்று வேறு. பக்கத்துத் தோட்டத்தில் முடிக்கொத்து நோய் கண்ட மரம் ஒன்று நின்றால், அசுவினிப் பூச்சி அந்நோயைப் புதுக் கன்றுக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒருவர் செலவிட்ட பணம் மற்றொருவரின் அசட்டையால் வீணாகும்.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை:

1. நோயுற்ற மரங்களை, முதலில் அசுவினியை மருந்து தெளித்து அழித்தபின், கிழங்கோடு அகற்றி அழிக்குமாறு ஊராருக்கு எடுத்துரைத்தல்.

2. நோய் கண்ட தோட்டத்திலிருந்து கன்று கொடுப்பதைத் தடுத்தல்.

3. ஒரே சமயத்தில் நட்ட திசு வளர்ப்பு வாழை ஏறத்தாழ ஒருங்கே தார் விடுமாதலால், சந்தையில் விலை சரியாதிருக்க நடவை வாரக்கணக்கில் பிரித்து அமைத்தல்.

திருச்சியில் 1993-ல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆலோசனையையும் நாடலாம். ஆய்வுக்கூடம் நல்ல கன்றைத் தரும். அதனை நல்ல தாராக்குவது ஊரின் ஒற்றுமையேயாகும்.