மாத்திரையா, கஞ்சாவா?

ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு உள்ள சிலர், "மாத்திரை போட்டால் பசியில்லை, தூக்கமில்லை, கஞ்சா இழுத்தால் மனசு அடங்குது" என்பார்கள். அடங்குவது பரபரப்பு, கவனம் கூடுவதில்லை. கஞ்சாவிலுள்ள டிஎச்சி எனும் போதைப்பொருள் குறுகிய கால நினைவை மழுக்கும். இவர்களுக்கு ஏற்கெனவே தடுமாறும் இடம் அதுதான்! 2017இல் வெளியான லண்டன் ஆய்வில், பெரியவர்கள் 30 பேரிடம் கஞ்சா சார்ந்த மருந்தைச் சோதித்தும் பலன் உறுதியாகவில்லை. (நம் நாட்டில் கஞ்சா வைத்திருப்பதே குற்றம் என்பது தனிக்கதை.)

ஏடிஎச்டிக்குத் தரப்படும் ஊக்கி மாத்திரையான மெத்தில்ஃபெனிடேட்டால் பசி குறைகிறதா? காலை உணவை முடித்துவிட்டுப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் கெட்டால் அவர் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். ஊக்கி வகையில் சேராத அடோமாக்செட்டின் எனும் மருந்தும் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். கஞ்சாவையும் மாத்திரையையும் சேர்ப்பது மோசம், இரண்டுமே இதயத்துடிப்பை ஏற்றும். பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி உங்கள் சிகிச்சை விவரங்களை அவர் ரகசியமாக வைக்கவேண்டும்.