கிரேடரில் ஜிபிஎஸ்: அந்த வேலையைப் பிடிப்பது எப்படி?

தென்னேரி, வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் பக்கம் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, ஒரகடம் கம்பெனிகளின் கேட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு பயோடேட்டா நீட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பெங்களூரு – சென்னை எக்ஸ்பிரஸ்வே உங்கள் மாவட்டத்தின் வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறது. நீளம் சுமார் 262 கிலோமீட்டர். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் சென்னை எல்லைச் சாலையும் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுத்தான் போகிறது. மண் வேலைக்குப் பஞ்சமில்லை. அதில் எந்த வேலையைப் பிடித்தால் ஐந்து வருஷத்தில் மேலே போகலாம் என்பதை மட்டும் யோசியுங்கள். என் பதில், மெஷின் கன்ட்ரோல்.

வழக்கமான சைட்டில் சர்வேயர் பத்து மீட்டருக்கு ஒரு பெக் அடிப்பார். ஹெல்பர் ஸ்டாஃப் பிடிப்பார். எங்கே வெட்டணும், எங்கே நிரப்பணும் என்று மார்க் போடுவார்கள். டிப்பர் ஏறிப் பெக் சாய்ந்தால் மறுபடியும் லெவல் எடுக்க வேண்டும். மெஷின் கன்ட்ரோலில் இந்தப் பெக் கூட்டம் பெரும்பாலும் தேவைப்படாது. ரோடு டிசைன் ஒரு ஃபைலாக கேபின் ஸ்க்ரீனில் ஏறிவிடும். மெஷினில் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும். பேஸ் ஸ்டேஷன் நொடிக்கு நொடி திருத்தம் அனுப்பும். பிளேடு இன்னும் எத்தனை சென்டி இறங்கணும் என்று ஸ்க்ரீன் காட்டும். ஆட்டோவில் போட்டால் ஹைட்ராலிக்கே இறக்கிக்கொள்ளும். டிரிம்பிள், லைக்கா, டாப்கான் ஆகியவை இதில் பெரிய பெயர்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 63 கிலோமீட்டர் லக்னோ – கான்பூர் எக்ஸ்பிரஸ்வேயில் ஜிபிஎஸ் கிரேடர், இன்டெலிஜென்ட் ரோலர், ஸ்ட்ரிங்லெஸ் பேவர் மூன்றையும் பைலட்டாக இறக்கியது. அங்கே கை பழகியவர்கள் நாளைக்கு இங்கே உங்கள் போட்டியாளர்கள். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆட்டோ லெவலில் கை பழகுங்கள். ஜிபிஎஸ் வந்தபிறகு இது எதற்கு என்று கேட்பவரை இன்டர்வியூவில் முதல் ரவுண்டிலேயே கழித்துவிடுவார்கள். ஸ்க்ரீன் சொல்வது சரியா என்று செக் பண்ணத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். சர்வே என்றால் மட்டமான வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால், கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான் என்று சொல்லுங்கள்.

2. உயரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இதுதான் மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும். ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் இல்லை. பூமிக்கு வைத்திருக்கும் கணித வடிவத்திலிருந்து உயரம். நம் வட்டாரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல். அதனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திருத்தாத ரீடிங் மைனஸில் வரும். புதுசாக வந்தவர் மெஷின் ரிப்பேர் என்று பதறுவார். நீங்கள் சைட்டைச் சுற்றியுள்ள பெஞ்ச்மார்க்குகளில் ரோவரை (கையில் எடுத்துப் போகும் ஜிபிஎஸ் ரிசீவர்) வைத்து, ஜிபிஎஸ் உயரத்தை சைட் லெவலோடு பொருத்தும் லோக்கலைசேஷன் செய்து, ஒவ்வொரு பாயின்ட்டிலும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பீர்கள். பெஞ்ச்மார்க் எல்லாம் ரோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் மறுபக்கம் லெவல் சாய்ந்துவிடும். இதை இன்டர்வியூவில் ஒரு பேப்பரில் வரைந்து காட்டுங்கள்.

3. டாலரன்ஸ் மனப்பாடமாக இருக்கட்டும். அமைச்சகத்தின் ஸ்பெசிஃபிகேஷனில் சப்-கிரேடுக்கு பிளஸ் 20, மைனஸ் 25 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். அதற்கு மேல் வரும் ஜிஎஸ்பி லேயருக்கு பிளஸ் 10, மைனஸ் 20. ஜிபிஎஸ்ஸின் உயரத் துல்லியம் நல்ல நாளிலேயே இரண்டு சென்டி அளவில்தான். ஆக, மண்ணுக்கு ஜிபிஎஸ் போதும். மேல் லேயருக்கு டோட்டல் ஸ்டேஷன் வழி நடத்த வேண்டும். எல்லாவற்றையும் ஜிபிஎஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று எந்த சேல்ஸ்மேன் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

4. டிசைன் ஃபைலை நம்பாதீர்கள். காஞ்சிபுரம் தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை தப்பினால் புடவை முழுக்க அதே பிழை திரும்பத் திரும்ப விழும். ஃபைலும் அப்படியே. டிராயிங் ரிவிஷன் மாறியிருக்கும், மெஷினில் பழைய ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும். கர்வ் வரும் இடம், கேம்பர் மாறும் இடம், கல்வர்ட் இரண்டு பக்கமும் என்று சில செயினேஜ்களை எடுத்து, டிராயிங்கில் உள்ள லெவலையும் ஸ்க்ரீன் லெவலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மெஷினை நகரவிடுங்கள்.

5. காலையில் பிளேடை ஒரு தெரிந்த பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள். இந்தப் பழக்கத்துக்கு ஈடு கிடையாது. கட்டிங் எட்ஜ் தேயும். ஒரு சென்டி தேய்ந்தது சிஸ்டத்துக்குத் தெரியாது. நாம் அளந்து மாற்றாதவரை நாள் முழுக்க ஒரு சென்டி மேடாகவே ஓடும். பிளேடின் இடது முனை, வலது முனை இரண்டையும் செக் பண்ணி, ரீடிங்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். இன்ஸ்பெக்ஷன் கேட்டு நீங்கள் கொடுத்த ஆர்எஃப்ஐ-யை கன்சல்டன்ட் இன்ஜினியர் ரிஜெக்ட் பண்ணி, யார் தப்பு என்று கேள்வி வரும்போது, நோட்டு வைத்திருப்பவர் தப்பிப்பார்.

6. ஆபரேட்டரை மதியுங்கள். பழைய கிரேடர் ஆபரேட்டருக்கு மண் ஈரம் பிளேடு சத்தத்திலேயே தெரியும். ஸ்க்ரீனைக் காட்டி அவருக்குப் பாடம் எடுத்தால் உங்கள் கதை முடிந்தது. "அண்ணே, இந்த நம்பர் சரியா வருதா, பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆபரேட்டர்களில் பலர் வட மாநிலத்தவர்; வேலைக்குத் தேவையான இந்தி ஒரு மாதத்தில் வந்துவிடும். கூச்சப்படாதீர்கள்.

ஆபரேட்டராகவே போக நினைப்பவர்கள் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எக்விப்மென்ட் ஸ்கில் கவுன்சில் சர்டிஃபிகேட்டை வாங்கிவிடுங்கள். அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான். நிலைக்க வைப்பது கைவேலை.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. சேர்ந்த உடனே பேரம் பேசாதீர்கள். ஆறு மாதம் நோட்டை எழுதுங்கள். உங்கள் ஸ்ட்ரெட்ச்சில் ரீவொர்க் எவ்வளவு குறைந்தது, டீசல் எவ்வளவு மிச்சம் என்பதைக் கணக்காக எடுத்துக்கொண்டு புராஜெக்ட் மேனேஜரைப் பாருங்கள். கொடுக்கவில்லையா? அதே கணக்கை அடுத்த கம்பெனிக்கு எடுத்துப் போங்கள். வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கம் மண் வேலை படுத்துவிடும், ஜனவரியில் மறுபடி சூடு பிடிக்கும். ஆட்களைத் தேடுவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். நவம்பரிலேயே பயோடேட்டா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.