நாள்வழியில் ஏறாத நஷ்டம்



கணக்கின் அருமை வியாபாரிக்குத் தெரியும். நாள்வழியில் ஏறாதது பேரேட்டில் ஏறாது. பேரேட்டில் இல்லாதது வசூலாகாது. சர்க்காருக்குச் சொந்தமான இடத்தில் நமக்கு நேரும் நஷ்டத்துக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே மட்டும், "சர்க்காரோடு யார் மல்லுக்கு நிற்பது?" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம்.

1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டப்படி, சிப்பந்தியின் தவறுக்கு முதலாளி பொறுப்பாவதுபோல், ஊழியரின் தவறுக்குச் சர்க்கார் பொறுப்பாகும். சாலை, பாலம் போன்றவற்றில் சர்க்காருக்குச் சில விலக்குகள் உண்டு. எனினும் சாலை வேலையைக் கவனக்குறைவாகச் செய்ததால் விளைந்த நஷ்டத்துக்கு வழக்குத் தொடுப்பதை அவை தடுக்கா.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிம்பாங் பூலாயில் கடை வைத்திருப்பவர் இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். வேலைக்காகத் தோண்டித் தடுப்பின்றி விட்ட பள்ளத்தில் விழுந்து கால் முறிகிறது. அவர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, சிகிச்சை, அத்துடன் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் விதிக்கும் கெடு அது.

இரண்டாவது, அன்றே யாரையாவது அனுப்பிப் படம் பிடிக்க வேண்டும். மறுநாள் பள்ளம் மூடப்பட்டால் சாட்சியும் மூடப்பட்டுவிடும்.

மூன்றாவது, சாலை யாருடையது என்று அறிய வேண்டும். ஈப்போ–கோப்பெங் சாலை 1ஆம் எண் கூட்டரசு சாலை. கேமரன் மலைக்கு ஏறுவது 185ஆம் எண் கூட்டரசு சாலை. இவற்றுக்குப் பொதுமராமத்து இலாகாவாகிய ஜே.கே.ஆரிடம் புகார் செய்ய வேண்டும். மாநகர எல்லைக்குள் உள்ள தெருக்களுக்கு ஈப்போ மாநகர் மன்றம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைக்கு பிளஸ் நிறுவனம்.

நான்காவது, புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். மருத்துவ ரசீது, வண்டி பழுதுபார்த்த ரசீது, கடை மூடிய நாட்களின் கணக்கு யாவும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். கடைக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு என்பதை அறிவோம். அதே எண்ணத்தில் இங்கும் இருந்தால் மோசம் போவோம். 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, சர்க்கார் மீதும் நகர மன்றங்கள் மீதும் வழக்குத் தொடுக்க 36 மாதங்களே உண்டு. புகார் கொடுத்தது வழக்காகாது; கடிதங்கள் போய்வந்து கொண்டிருந்தாலும் காலம் நிற்காது. ஆகவே, பதில் வரவில்லையென்றால் தாமதமின்றி வக்கீலைப் பாருங்கள்.

நமக்கு நஷ்டஈடு வேண்டாமென்றாலும் புகார் வேண்டும். நாம் விழுந்த பள்ளம் மூடப்படாவிட்டால், நாளை அதில் விழுபவர் அடுத்த கடைக்காரராக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.