ஒரே நொதி, இரண்டு வேலை

மாணவர்களே, உங்கள் தோல் உயிரணுவிலும் எலும்பு உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். பிறகு ஏன் இரண்டும் வேறுபடுகின்றன? எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே காரணம்.

டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் எனும் புரதங்களைச் சுற்றியிருக்கும். இ.இசட்.எச்.2 என்ற நொதி அந்த ஹிஸ்டோனில் மெத்தில் குறிகளை ஒட்டினால், அங்குள்ள மரபணு மூடிக்கொள்ளும். மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. இதுவும் ஒரு மேல்மரபியல் கட்டுப்பாடு.

அடுத்து, சி.டி.கே.1. உயிரணு இரண்டாகப் பிரியத் தொடங்குவதற்கு இந்த நொதி தேவை. எலும்பாகவோ கொழுப்பாகவோ மாறக்கூடிய மனிதக் குருத்தணுக்களில் இதற்கு இன்னொரு வேலையும் இருப்பது 2011இல் தெரியவந்தது. இது இ.இசட்.எச்.2 மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதனால் இ.இசட்.எச்.2 தன் கூட்டுப் புரதங்களை விட்டு விலகுகிறது. மெத்தில் குறிகள் குறைகின்றன. எலும்பு உருவாக்கும் மரபணுக்கள் திறந்துகொள்கின்றன.

பாடநூலில் உயிரணுப் பிரிவு ஒரு பாடம், மரபணுக் கட்டுப்பாடு வேறொரு பாடம். உயிரணுவுக்குள் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

சிந்தியுங்கள்: புற்றுநோய் உயிரணுக்கள் பெருகாமலிருக்க, சி.டி.கே.1ஐத் தடுக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். அத்தகைய மருந்து இந்தக் குருத்தணுக்களையும் எட்டினால், எலும்பு உருவாவது கூடுமா, குறையுமா? காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.