கதைக்கருவை ஆயும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் படகு கட்டும் தச்சர், முதற்கண் 'ஏரா' எனப்படும் அடிமரத்தை நிறுத்துவர். ஏரா கோணினால், அதன்மேல் எத்துணை நல்ல பலகையைப் பொருத்தினாலும் படகு நேரே செல்லாது. கதைக்கு ஏரா போன்றது அதன் கரு. திரைப்படத் துறையார் அக்கருவை ஓரிரு வாக்கியங்களில் அடக்கி, 'ஒருவரிக் கதை' என்பர். திரைக்கதை முழுவதையும் எழுதுமுன், அதனைப் பிறரிடம் கூறிக் கருத்துக் கேட்பதும் உண்டு. அங்ஙனம் கேட்கப்படுவோர் எவ்வாறு கருத்துரைத்தல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் பாருங்கள். கண்ணகி வரலாற்றைச் சீத்தலைச் சாத்தனார் சுருக்கமாக எடுத்துரைக்கிறார், இளங்கோவடிகள் கேட்கிறார். கேட்டவர் 'நன்று' என்று ஒரு சொல்லோடு நின்றாரல்லர். ஆட்சியில் தவறியவர்க்கு அறமே கூற்றுவனாகும். கற்புடைய மகளை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை தவறாது வந்து தன் பயனை ஊட்டும் என்னும் மூன்று உண்மைகளை அவ்வரலாற்றினுள் கண்டார். அவற்றை விளக்க ஒரு காப்பியம் செய்வோம் என்றார். அதுகேட்ட சாத்தனார், இது முடியுடை வேந்தர் மூவர்க்கும் உரியதாகலின் அடிகளே இயற்றியருள வேண்டும் என்றார். ஒருவர் கதையின் உட்பொருளைக் கண்டார். மற்றவர் அதனைக் கூறுதற்கு உரியவரைக் கண்டார். நல்ல கருத்துரைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உட்பொருளைக் கண்டபின் அதனை மறைக்கும் குற்றங்களைக் காணல் வேண்டும். நன்னூலார் நூற்குற்றம் பத்தெனக் கூறினார். அவற்றுள் மூன்று இங்கே நமக்குப் பெரிதும் பயன்படும். யாருடைய கதை, அவர் விரும்புவது யாது, தடுப்பது யாது என்பன விளங்காவிடின் அது குன்றக் கூறல். ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் புகுந்துவிடின் அது மற்றொன்று விரித்தல். தொடக்கம் சிறந்து, போகப் போகப் பொலிவிழப்பின் அது சென்று தேய்ந்திறுதல்.

குற்றத்தை அறிவது ஒன்று. அதனைக் கூறுவது மற்றொன்று. இளமையில் யான் செய்த பிழையொன்றை இங்கு மறையாது கூறுகின்றேன். மாணவன் ஒருவன் தான் எழுதிய கதையைக் கொணர்ந்து தந்தான். யான் அதனை வகுப்பில் உரக்கப் படித்து, குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். வகுப்பு நகைத்தது. அவன் அதன்பின் ஒரு வரியும் எழுதிக் காட்டவில்லை. யான் கூறிய குற்றங்கள் உண்மையே. ஆயினும் கூறிய முறையே பெருங்குற்றமாயிற்று.

பல்லாண்டுகள் கழிந்தன. இராமேசுவரத் தீவைச் சேர்ந்த மாணவன் ஒருவன், திரைக்கதை எழுத விரும்பி என்பால் வந்தான். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நீவிர் அறிவீர். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலையும் அன்று கடல் கொண்டது. மக்கள் வாழ்தற்கு ஏற்றதன்று என அரசு பின்னர் அவ்வூரைக் கைவிட்டது. "புயலால் ஓர் ஊர் அழிகிறது, மக்கள் துன்புறுகின்றனர்" என்பதே அவன் எழுதி வந்த கரு.

அது நிகழ்ச்சியேயன்றிக் கதையன்று. எனினும் யான் அவ்வாறு கூறவில்லை. "தம்பி, இதனை நீ ஏன் எழுத விரும்புகின்றாய்?" என்று வினவினேன். அவன் சற்றுத் தயங்கி, "ஐயா, என் பாட்டனார் அக்கடலில் வள்ளம் ஓட்டியவர். புயலைப் பற்றிக் கேட்டால் பேசாமல் எழுந்து போய்விடுவார்" என்றான். "அவர் எதனைப் பேச அஞ்சினார் என எண்ணிப் பார்" என்று மட்டும் கூறி அனுப்பினேன்.

மறுவாரம் அவன் தானே புனைந்த கருவைக் கொணர்ந்தான். "புயலுக்கு மறுநாள் விடியலில், ஒரே ஒரு வள்ளம் எஞ்சிய மீனவர் ஒருவர், காணாமற்போன தம் மகனைத் தேடுவதா, மணல்மேட்டில் தவிக்கும் அயலாரைக் கரைசேர்ப்பதா என்று கலங்குகிறார்." ஊரின் அழிவு இப்பொழுது ஒருவர் நெஞ்சினுள் புகுந்துவிட்டது. யாருடைய கதை, வேண்டுவது யாது, தடுப்பது யாது, இழப்பது யாது என்னும் நான்கும் ஒரு வாக்கியத்திலேயே விளங்கின.

அருகிருந்த மாணவன் ஒருவன், "மகன் உயிரோடு வருவதாக முடித்துவிடு" என்றான். யான் அவனைத் தடுத்தேன். முடிவு கூறும் உரிமை கதை புனைவோனுக்கே உண்டு. நம் கதையைப் பிறர் கதையினுள் புகுத்துதல் கருத்துரை ஆகாது.

மாணவர்களே! நாளை உம் நண்பன் ஒரு கதைக்கருவோடு உம்மிடம் வரலாம். முதற்கண் அவன் சொல்வதை முழுதும் கேளுங்கள். அதில் உயிருள்ள பகுதி எதுவெனக் கண்டு கூறுங்கள். பின்னர்க் குறையை வினாவாக்கிக் கேளுங்கள். பலர் முன்னிலையில் இகழாதீர்கள். நீர் பேசி முடித்தபின், மீண்டும் எழுதவேண்டும் என்னும் விருப்பம் அவனுக்கு மிகுந்ததா என்று பாருங்கள். மிகுந்ததாயின் உமது கருத்துரை நற்கருத்துரையே.