தேவ அன்பை எதைக்கொண்டு அறிவோம்?

வேதபாடம்: ரோமர் 5:1-8, 8:26-39



கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் காரக்கோணம். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும்வரை இவ்வூரும் இதற்கு அப்பாலுள்ள கன்னியாகுமரி மாவட்ட ஊர்களும் ஒரே திருவிதாங்கூரின் பகுதிகளாய் இருந்தன. இன்றும் இப்பகுதி மக்களின் நாவில் தமிழும் மலையாளமும் கலந்தே வருகின்றன. தென்னிந்தியத் திருச்சபையின் தென் கேரளப் பேராயத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரி ஒன்று இங்கே உள்ளது. அது டாக்டர் சாமர்வெல் என்பவரின் நினைவாகப் பெயர் பெற்றது.

எந்த மருத்துவமனையின் வராந்தாவிலும் இரண்டு வகையான ஜெபங்கள் ஏறெடுக்கப்படுகின்றன. ஒருவர் சுகமடைந்து வீடு திரும்பி, அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எழுந்து, "தேவன் என்னை நேசித்தபடியால் பிழைத்தேன்" என்று சாட்சி கூறுகிறார். அதே ஆலயத்தின் பின்வரிசையில், அதே வாரம் கணவனை அடக்கம்பண்ணிய ஒரு சகோதரி அமர்ந்திருக்கிறாள். அவளும் ஜெபித்தாள், உபவாசித்தாள். அந்தச் சாட்சி அவள் செவியில் எவ்வாறு ஒலிக்கும்? தேவன் அவளை நேசிக்கவில்லையா? தேவ அன்பை நம்புவது குறித்துப் பேசும் எவரும் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்லலாகாது. டாக்டர் சாமர்வெல்லின் வாழ்க்கையில் நடந்த சில நிகழ்ச்சிகளைத் துணையாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

1. தப்புவிக்கப்படுவது அன்பின் அளவுகோல் அன்று

தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, காயமுற்று வயல்வெளியில் கிடத்தப்பட்டிருந்த திரளான வீரர்களைக் கண்டவர். தேர்ந்த மலையேறியாகிய அவர் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள், புதுப்பனி மூடியிருந்த சரிவில் அவர்கள் ஏறுகையில் பனிச்சரிவு ஏற்பட்டது. சுமை தூக்கி வந்த 7 பேர் மாண்டனர். கூட இருந்த ஆங்கிலேயர் அனைவரும் பிழைத்தனர்.

"நான் தப்பினேன், தேவன் என்னை நேசிக்கிறார்" என்று சாமர்வெல் நன்றி செலுத்திவிட்டுப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தங்களில் ஒருவராகிலும் அந்த எளிய மனிதரின் முடிவில் பங்குபெறாமற் போனோமே என்று அவர் உள்ளம் வருந்தினார். பின்னாளில் தம் நூலிலும் அதை எழுதினார். அது ஆரோக்கியமான துக்கம். பிழைத்ததை அன்பின் சான்றாக எடுத்துக்கொண்டால், மாண்ட 7 பேரைக்குறித்து என்ன சொல்வது? மேலும், புதுப்பனியில் ஏறுவது என்பது மனிதர் எடுத்த முடிவு. அதன் விளைவைத் தேவசித்தம் என்று கூறிக் கடந்துவிடுவதும் நியாயமன்று.

வேதம் நமக்கு இதையே கற்பிக்கிறது. பெத்தானியாவின் மார்த்தாளையும் மரியாளையும் லாசருவையும் இயேசு நேசித்தார் என்று யோவான் முதலில் எழுதுகிறார். அதன்பின்பே, லாசரு வியாதிப்பட்டதைக் கேட்டும் அவர் இரண்டு நாள் தாமதித்தார் என்கிறார் (யோவான் 11:5, 6). தாமதம் அன்பின்மைக்கு அடையாளம் அன்று என்பதற்காகவே சுவிசேஷகன் இந்த வரிசையில் எழுதினான் போலும். அப்போஸ்தலனாகிய பவுலும், உபத்திரவம், பசி, பட்டயம் ஆகியவற்றை எண்ணிச் சொல்லி, அவற்றுக்கு வெளியே அல்ல, அவற்றின் நடுவிலேயே விசுவாசி ஜெயங்கொள்கிறான் என்கிறார் (ரோமர் 8:35-37). அந்தப் பட்டயத்திற்கே பவுல் இரையானார் என்பது திருச்சபையின் பாரம்பரியம்.

2. அன்பின் ஆதாரம் சிலுவை

அப்படியானால் தேவன் நம்மை நேசிக்கிறார் என்று எதைக்கொண்டு அறிவோம்? பவுலின் விடை தெளிவானது. நாம் இன்னும் பாவிகளாய் இருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார். அதுவே தேவ அன்பின் நிரூபணம் (ரோமர் 5:8). நம் உடல்நிலையும், பிள்ளைகளின் தேர்வு முடிவும், வங்கிக் கடனும் நாளுக்கு நாள் மாறக்கூடியவை. அவற்றின்மேல் கட்டப்படும் நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும். சிலுவையோ நடந்து முடிந்த செயல். இன்றைய துயரம் அதை அழிக்க முடியாது.

சிலுவையிலே குமாரன் தப்புவிக்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிதாவுக்குப் பிரியமானவர் என்று வானத்திலிருந்து சாட்சி பெற்றவரே கைவிடப்பட்டவராய்க் கதறினார். ஆகையால் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி தேவ அன்புக்கு வெளியே இல்லை. அவள் நிற்கும் இடத்தில் அவளுக்கு முன்னதாகவே ஆண்டவர் நின்றிருக்கிறார். முன்வரிசையில் சாட்சி கூறியவர் நன்றி செலுத்தட்டும், அது நல்லது. ஆனால் "பிழைத்ததால் நேசிக்கப்பட்டேன்" என்பதற்குப் பதிலாக, "பிழைக்காதிருந்தாலும் நேசிக்கப்பட்டிருப்பேன், இப்போதோ சுகத்தையும் பெற்றேன்" என்று சொல்லப் பழகட்டும்.

3. குரல் எழாத வேளையிலும்

சாமர்வெல் 1924ஆம் ஆண்டு மறுபடியும் எவரெஸ்ட் சென்றார். ஜூன் 4ஆம் நாள், நார்ட்டன் என்பவரோடு, பிராணவாயுக் கருவி இன்றி ஏறத்தாழ 28,000 அடி உயரத்தை எட்டினார். இறங்கும் வழியில் அவருடைய தொண்டையின் உட்சதை பெயர்ந்து மூச்சை அடைத்துக்கொண்டது. நார்ட்டன் முன்னே நடந்துகொண்டிருந்தார். கூப்பிடச் சாமர்வெல்லுக்குக் குரல் எழவில்லை. நண்பர் திரும்பிப் பார்க்கவுமில்லை. சாவதற்கென்றே பனியில் அமர்ந்தவர், கடைசி முயற்சியாய் இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியேறியது, மூச்சு திரும்பியது. சில நாட்களுக்குப்பின் அதே மலையில் ஏறிய அவருடைய நண்பர் மல்லோரியும், இளைஞர் இர்வினும் திரும்பவேயில்லை.

துக்கத்தில் இருக்கும் பலருடைய நிலை இதுவே. ஜெபிக்க வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை. கூட நடப்பவர்களும் அறியாமல் முன்னே போய்க்கொண்டிருக்கிறார்கள். "என் விசுவாசம் போய்விட்டது" என்று இவர்கள் தங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் வார்த்தையாய் வெளிவராத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வேதம் சொல்லுகிறது (ரோமர் 8:26). தேவ அன்பை நம்புவது என்பது எப்போதும் உற்சாகமாய்ப் பாடுவது அன்று. நாம் பேச முடியாதபோதும் நமக்காகப் பேசுகிறவர் உண்டு என்று அமைதியாய் இருப்பதும் நம்பிக்கையே.

4. நம்பின அன்பு கையாக நீளும்

1922ஆம் ஆண்டு மலையிலிருந்து இறங்கிய பின்பு சாமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். தென் திருவிதாங்கூரின் நெய்யூரில், லண்டன் மிஷனெரி சங்கத்தின் மருத்துவமனையில், நீண்ட வரிசையில் காத்திருந்த நோயாளிகளையும், அவர்களுக்கு மத்தியில் தனியாகப் போராடிய ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார். உடனே உதவிக்கு இறங்கினார். லண்டனில் காத்திருந்த உயர்ந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு, நெய்யூரையே தம் பணிக்களமாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போதித்து, 1961ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். 1975ஆம் ஆண்டு மரித்தார்.

இரண்டாம் பயணத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியும் கவனிக்கத்தக்கது. சுமை தூக்குவோர் 4 பேர் உயரத்தில் உள்ள முகாமில் சிக்கிக்கொண்டனர். சாமர்வெல்லும் இரு நண்பர்களும் சிகரம் ஏறச் சேமித்திருந்த பலத்தைச் செலவழித்து மேலே சென்றனர். சரிவின் குறுக்கே நடந்த சாமர்வெல்லுக்குக் கயிறு சில கஜ தூரம் போதவில்லை. அந்நேரம் இருவர் சறுக்கினர். அவர் கயிற்றைத் தம் இடுப்பிலிருந்து அவிழ்த்து, அதன் நுனியை ஒரு கையால் பற்றி, மறுகையை நீட்டி அவர்களைப் பிடித்து இழுத்தார். நால்வரும் பிழைத்தனர்.

தேவன் முந்தி நம்மை நேசித்ததால் நாமும் நேசிக்கிறோம் என்று யோவான் எழுதுகிறார் (1 யோவான் 4:19). பின்வரிசைச் சகோதரிக்கு விளக்கம் கூறுவதைவிட, அவள் அருகே அமர்வதும், அவள் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பதும், அடுத்த மாதமும் அவள் வீட்டு வாசலை மறவாமல் மிதிப்பதும் தேவ அன்பை அவள் நம்புவதற்குத் துணைசெய்யும். கயிறு எட்டாத இடத்தில் கை எட்ட வேண்டும்.

சிந்தனைக்கு:

1. தேவன் என்னை நேசிக்கிறார் என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் சான்று எது? அது நாளை இல்லாமற் போனால் என் நம்பிக்கை நிற்குமா?

2. என் சாட்சி, ஜெபத்துக்கு விரும்பின விடை பெறாத ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறதா? அதை எவ்வாறு மாற்றிச் சொல்லலாம்?

3. என் சபையில் குரல் எழாமல் பின்தங்கி நிற்பவர் யார்? இந்த வாரம் நான் திரும்பிப் பார்க்க வேண்டியவர் யார்?

ஜெபம்: அன்பின் பிதாவே, நாங்கள் பெற்றவைகளையும் இழந்தவைகளையும் கொண்டு உமது அன்பை அளக்காதபடி எங்களைக் காத்தருளும். சிலுவையை நோக்கிப் பார்க்கிற கண்களையும், பிறரை நோக்கி நீளுகிற கைகளையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.