மூளைதான் செகண்டரி!
இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு

ஃபாரடே விதி என்றால் நமக்குப் பத்து மார்க் கேள்வி. படம் போட்டு சமன்பாடு எழுதினால் முழு மார்க். அதே விதியை வைத்து, கத்தி படாமல், ஊசி குத்தாமல் மனித மூளைக்குள் மின்னோட்டம் உண்டாக்குகிறார்கள். டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டி.எம்.எஸ். என்று பெயர். தூக்கம் வராதவர்களுக்கும் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று 1831-ல் ஃபாரடே கண்டார். டிரான்ஸ்பார்மர் ஓடுவது இதனால்தான். இப்போது பிரைமரி காயிலைத் தலைக்கு வெளியே வையுங்கள். செகண்டரி எங்கே? மூளைதான் செகண்டரி! உப்புத் தண்ணீர் மாதிரி அதுவும் மின்சாரத்தைக் கடத்தும்.

1980-ல் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலைத்தோலில் மின்முனை வைத்து நேரடியாகவே மூளையைத் தூண்டினார்கள். மண்டையோடு மின்சாரத்தைச் சுலபத்தில் விடாது, அதனால் நல்ல வலி. காந்தப்புலத்துக்கு எலும்பு ஒரு தடையே இல்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் தலைமேல் சுருளை வைத்துத் துடிப்பு கொடுத்தார்கள். கை தானாகத் துள்ளியது, வலி இல்லை!

கருவியின் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சாமான்தான். கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, தைரிஸ்டர் வழியாகச் சுருளில் கொட்டுகிறார்கள். பல ஆயிரம் ஆம்பியர், ஆனால் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரம். காந்தப்புலம் 1.5 முதல் 2 டெஸ்லா வரை ஏறும். ஒவ்வொரு துடிப்புக்கும் 'டக்' என்று சத்தம் வரும், அதனால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். சுருள் பெரும்பாலும் 8 வடிவம். இரு வளையமும் சேரும் இடத்தில் வேகம் அதிகம். ஆழம் மட்டும் 2, 3 சென்டிமீட்டர்தான்.

சிக்கல் இங்கேதான். தூக்கத்தை ஆளும் ஹைபோதலாமஸ் மூளையின் அடியில் இருக்கிறது, சுருள் அங்கே எட்டாது. ஆகவே மேல்மட்டத்தில், பெரும்பாலும் வலது முன்பக்கத்தில், கொடுக்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர் மூளை, ஸ்விட்ச் போட்டும் நிற்காத மோட்டார் மாதிரி ராத்திரியிலும் ஓடிக்கொண்டே இருக்குமாம். நொடிக்கு 1 துடிப்பு கொடுத்தால் அந்த இடம் பொதுவாக அடங்கும், 10 கொடுத்தால் கிளறும். 2007-ல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் மாசிமினி, தொனோனி குழுவினர் தூங்குகிறவர்களுக்குத் துடிப்பு கொடுத்தபோது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலை ஒன்று எழுந்தது. ஆனால் விழித்திருப்பவரைத் தூங்க வைப்பது வேறு விஷயம்!

அமெரிக்க அரசு 2008-ல் மனச்சோர்வுக்கு இந்தக் கருவியை அனுமதித்தது. தூக்கத்துக்கு இன்னும் முடிவான சான்று இல்லை. சில சோதனைகளில் பலன் தெரிந்தது, ஆனால் அவை சின்னச் சோதனைகள். நம்பிக்கையினாலேயே தூக்கம் வந்துவிடும் என்பதால், சத்தம் மட்டும் போடும் பொய்ச் சுருளையும் சிலருக்கு வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்க அப்பா. ஸ்பின்னிங் மில்லில் பல வருஷமாக நைட் ஷிப்ட். பகலில் படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஒருத்தர் காந்தத் தலையணை கொண்டுவந்தார், விலை நாலாயிரம். "வெளிநாட்டுல காந்தத்துலதானுங்க வைத்தியமே. ரத்தத்துல இருக்கற இரும்பை இழுத்துடும்" என்றார். அப்பா பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

"காந்தம் சும்மா கெடந்தா கரண்டு வராதுங்கப்பா, மாறிட்டே இருக்கோணும்" என்றேன்.

"அப்ப தலையணைய ஆட்டீட்டே படுக்கோணுமா கண்ணு?"

ஆட்டினாலும் போதாது. 2 டெஸ்லா 100 மைக்ரோ செகண்டில் ஏறினால், மாறும் வேகம் சராசரி நொடிக்கு 20,000 டெஸ்லா. தலையணையில் அது பூஜ்யம். ரத்த இரும்பும் ஆணி மாதிரி ஒட்டுகிற இரும்பு அல்ல. ஒட்டுமானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் போனவர் கதி என்ன! தலையணை வந்த வழியே திரும்பிப் போனது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மருந்தில்லாப் பயிற்சியைத்தான் தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் கூறியது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது போன்றவை அதில் அடங்கும். ஷிப்ட் ஆட்களுக்கு இருட்டான அறையும் முக்கியம். எங்க வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறோம்.

டி.எம்.எஸ். எடுக்க நினைப்பவர்கள் வலிப்பு வந்ததுண்டா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைக்குள் உலோகக் கிளிப்போ, காதில் பதித்த கருவியோ இருப்பவர்களுக்கு இது பொதுவாகக் கூடாது. அந்த உலோகத்திலும் மின்னோட்டம் தூண்டப்படும்.